சடையப்பன் வேய்ந்த பக்கம்

ஆயிரம் பேர் படுத்திருக்கிறார்கள். ஒருவர் காலுக்கடியில் அடுத்தவர் தலை. மழை கொட்டினாலும் எழுந்து ஓடமாட்டார்கள். யார், சொல்லுங்கள்?

கூரைமேல் அடித்த மரச்சில்லுகள். அந்த மலையில் ஓட்டுக்குப் பதில் அவைதான்.

அந்த வேலையில் செவந்தியை மிஞ்ச ஆளில்லை. அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர் சடையப்பன், கீழ்நாட்டுத் தச்சர். குருவைவிடப் பதினைந்து வயது பெரியவர். அவர் செய்த கதவில் மயிரிழைகூட நுழையாது.

செவந்தி வீட்டுக் கூரையை மழைக்கு முன் மாற்றியாக வேண்டும். மகள் குயிலி இப்போதுதான் காய்ச்சலிலிருந்து எழுந்திருந்தாள். நனையக் கூடாது. கிழக்குச் சரிவைச் செவந்தி எடுத்துக்கொண்டாள். மேற்குச் சரிவை அவருக்கு விட்டாள்.

வேலை முடிந்ததும் சடையப்பன் உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார்.

அவர் பக்கம் இருட்டு. குருவின் பக்கம் பொட்டுப் பொட்டாக வெயில்.

"குருவே, தப்பா நினைக்காதீங்க. உங்க பக்கம் சில்லுக்குச் சில்லு சந்து இருக்கு. குழந்தை நனைஞ்சிடாதா?"

"உங்க பக்கம்?"

"எறும்புகூட நுழையாது!"

"அப்ப எறும்பு எங்கே போகும்ணே, பாவம்?" என்று சிரித்தாள் செவந்தி.

மாடு தண்ணீர் குடிக்கும் கல்தொட்டி காலியாகக் கிடந்தது. அதன் அகலம் முழுக்கக் காய்ந்த சில்லுகளை அடுக்கச் சொன்னாள். அவர் வழக்கம்போல் தட்டித் தட்டி நெருக்கமாக அடுக்கினார். அவள் இரண்டு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் சில்லுகள் ஊறிப் பருத்திருந்தன. இடம் போதாமல் ஒன்றையொன்று முட்டி, நடுவில் கூடாரம்போல் எழும்பி நின்றன. இரண்டு பிளந்தே போயிருந்தன.

சடையப்பன் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏணியைத் தூக்கிக்கொண்டு மேற்குப் பக்கம் போனார்.

"கஞ்சி குடிச்சிட்டு ஏறுங்கண்ணே!"

"மேகம் என்ன, கஞ்சி குடிச்சிட்டா வரும்?"

அடித்த ஆணிகளையெல்லாம் பிடுங்கினார். சில்லுக்குச் சில்லு ஓர் ஆணிக்கனம் சந்து விட்டு, மறுபடி அடித்தார். இரண்டு நாள் ஆயிற்று. கடைசிச் சில்லு முடிந்தபோது தூறல் விழுந்தது.

நடுப்பகலில் மழை பிடித்துக்கொண்டது. சடையப்பன் சொட்டச் சொட்ட வாசலிலேயே நின்றார்.

"குருவே, இப்பச் சரியா இருக்கா?"

செவந்தி பாயை எடுத்து மகளிடம் கொடுத்தாள்.

"கொஞ்ச நேரம் படு கண்ணு. எந்தப் பக்கம் வேணுமோ விரிச்சுக்கோ."

"அம்மா பக்கமே படு தாயி," என்றார் சடையப்பன் அவசரமாக.

குயிலி இரண்டு பக்கமும் அண்ணாந்து பார்த்தாள். சில்லுகள் ஊறிச் சந்துகளை மூடியிருந்தன; எங்கும் ஒரு சொட்டு இல்லை.

மேற்குப் பக்கம் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள்.