நாச்சிமுத்துவின் பின்சீட்

"எங்காருல அப்படி என்னதான் கொறைச்சல், அம்மணி?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

கேட்கப்பட்டவர் ரெஜினா. கரூரில் கார் சீட் தைக்கிறவர். வயது முப்பத்தெட்டு. சொகுசு என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள வெளியூர்க் கார்காரர்கள்கூட அவரைத் தேடி வருவார்கள்.

நாச்சிமுத்து அவருக்கு ஐம்பத்தைந்து வயதுச் சீடர். ஒரே மாதத்தில் இது நான்காவது வருகை.

முதல் முறை வந்து தோல் சீட் போட்டுக்கொண்டார். இரண்டாம் முறை கதவுகளுக்குத் தேக்குப் பட்டை. மூன்றாம் முறை கூரை முழுக்க நட்சத்திரம் மாதிரிக் குட்டி விளக்குகள்.

மூன்றுமே சகலை குழந்தைவேலின் காரில் இல்லாதவை. சகலை என்றால் மனைவியின் தங்கை புருஷன். பொறாமைப்படுவதற்கென்றே கடவுள் படைத்த உறவு அது.

"கொறைச்சல் ஒண்ணும் இல்லீங்ணா," என்றார் ரெஜினா. "நான் தைச்சதுலயே இதுதான் ஒசத்தி."

"அப்பறம் ஏன், குழந்தைவேல் வண்டியில ஏறுனா ராஜா மாதிரி இருக்குது? ஒம்பது வருசத்து வண்டி. சீட்டு இடுக்குல முறுக்குத் தூளு. மிதியடியில யாரோ காப்பியக் கொட்டி வெச்சிருக்கறாங்க. ஆனா எங்க போனாலும் சனம் அதுலதான் முண்டியடிச்சு ஏறுது."

"நீங்களும் ஏறுனீங்களா?"

"ஏறுனேன். தூங்கிட்டேன்."

சொல்லும்போதே அவருக்கு வயிறு எரிந்தது.

ரெஜினா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். "இப்ப அதுக்கு என்னங்ணா?"

நாச்சிமுத்துவின் குரல் இறங்கியது.

"வெள்ளிக்கிழமை எம்பொண்ணு தாரணிக்குப் பொண்ணழைப்பு. மண்டபத்துக்குச் சித்தப்பா கார்லதான் வருவேங்கிறா. பெத்தவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறேன். கலியாணப் பொண்ணு அவன் கார்லருந்து எறங்கறத நான் வாசல்ல நின்னு பாக்கோணுமா?"

கண் கலங்கிவிட்டது. பொறாமை அழவும் வைக்கும் என்பது அன்றுவரை அவருக்கே தெரியாது.

"இன்னும் என்ன போடலாம், சொல்லுங்க. சந்தன வாசம்? சீட்டுக்குள்ள இருந்து காத்து வர்ற மாதிரி மெசினு? எதுனாலும் சரி."

"வண்டியப் பாக்கலாம், வாங்க."

ரெஜினா போய்ப் பின் கதவைத் திறந்தார்.

"அம்மணி, செருப்பு," என்றார் நாச்சிமுத்து.

ரெஜினா செருப்பைக் கழற்றினார்.

"பேப்பர் விரிச்சிருக்கறேன், அதுமேல காலை வைங்க. கண்ணாடியத் தொட்டுராதீங்க, ரேகை விழுகுது. சாயறப்ப பாத்து, தலையில எண்ணெ இருக்கும்."

அந்தச் சீட்டைத் தைத்ததே ரெஜினாதான். இருந்தும் சாயாமல் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினார்.

நாச்சிமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்து, அவர் கை பட்ட கைப்பிடியைத் துடைத்தார். துடைத்தது அவருக்கே தெரியாது. கை தானாகச் செய்தது.

"சாவியக் குடுங்க," என்றார் ரெஜினா. "நீங்க பின்னால ஏறுங்க. ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

"நான் பின்னால உக்காந்ததே இல்லியே."

"ஏறுங்கண்ணா."

ஏறினார். ரெஜினா நடுக் கண்ணாடியை அவர் முகம் தெரிகிற மாதிரித் திருப்பிவைத்துக்கொண்டார்.

கார் கோவை ரோட்டைப் பிடித்தது.

"கதவ மெதுவாச் சாத்தியிருக்கலாம்," என்றார் ரெஜினா.

"சரிங்க அம்மணி."

"காலை நவுத்தாதீங்க. பேப்பர் விலகுது."

நகர்த்தவில்லை.

"கையில வேர்வையா? மடியில வெச்சுக்குங்க."

வைத்துக்கொண்டார்.

இருமல் வந்தது. நிமிர்ந்தால் கண்ணாடியில் ரெஜினாவின் கண்கள். இருமலை விழுங்கிக்கொண்டார்.

கூரையில் அத்தனை நட்சத்திரங்களும் மின்னிக்கொண்டிருந்தன. அண்ணாந்தால் தலை சீட்டில் பட்டுவிடும். அவர் அண்ணாந்து பார்க்கவில்லை.

இரண்டாவது கிலோமீட்டரில் முதுகு வலித்தது. மூன்றாவதில், இறங்கினால் போதும் என்றாகிவிட்டது.

"அம்மணி, ஓரமா நிறுத்துங்க. நான் நடந்தே வந்துக்கறேன்."

ரெஜினா நிறுத்தினார். இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"'நிறுத்துங்க, நடந்தே வந்துக்கறேன்'னு தாரணி உங்ககிட்ட மொதமொத எப்ப சொல்லுச்சு?"

கதவைத் திறக்கப் போன நாச்சிமுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டு லாரிகள் கடந்து போயின.

"மூணாம் கிளாஸ் படிக்கறப்ப," என்றார்.

காலடியில் கிடந்த பேப்பரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"அப்ப இருந்தது வேற காருங்க, அம்மணி."