ஒரே ஒரு கறுப்பு வயர்

கோவில்பட்டியில் ஒரு புது வீடு. மறுநாள் பால்காய்ப்பு. தீப்பொறி கண்டால் கரண்டை வெட்டும் புதுவகை பிரேக்கர் ஹாலுக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று. ஆனால் மிக்சியைப் போட்டாலே இரண்டும் பட்டென்று விழுந்தன.

"சுவருக்குள்ள எங்கயோ வயர் பொசுங்குது. சாயங்காலத்துக்குள்ள எல்லாச் சுவரையும் கொத்திப் போடு!" என்று இன்ஜினியர் தணிகைவேலு சித்தாள் பேச்சிக்கனியை அதட்டினார். வீட்டுக்காரம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

பேச்சிக்கனி உளியைக் கீழே வைத்தாள். "சார், நீங்க முன்வாசல்ல நின்னு போற ஆளு, வர்ற ஆள எண்ணுங்க. அம்மா, நீங்க புறவாசல்ல எண்ணுங்க."

அவள் சொன்னபடி கொத்தனார்கள் மூன்று பேர் முன்வாசலில் நுழைந்தார்கள், மூன்று பேர் புறவாசலில். ஆறு பேரும் முன்வாசல் வழியாகவே வெளியே வந்தார்கள்.

"போன மூணு பேர் திரும்பலையே!" என்று அம்மா பதறினார்.

"மூணு பேர் போயி ஆறு பேர் வர்றானே!" என்று கத்தினார் இன்ஜினியர்.

"பிரேக்கரும் அதத்தான் சார் கத்துது. அது தீப்பொறிய மட்டுமா பாக்குது? தன் வழியாப் போன கரண்டு அதே வழியாத் திரும்புதான்னும் எண்ணுதுல்ல. கரண்டு திரும்பி வர ஹாலுக்கும் அடுப்படிக்கும் சேத்து ஒரே கறுப்பு வயரத்தான இழுத்தீங்க? வயர் போக சுவத்துல காடி வெட்டுனவ நான். பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

சுவருக்குள் ஏற்கெனவே இருந்த வயர்க் குழாயிலேயே அடுப்படிக்கெனத் தனியாக ஒரு கறுப்பு வயர் இழுத்தார்கள். மிக்சி ஓடியது. பிரேக்கர் இரண்டும் அசையவில்லை. சாமி வந்தவளைப் பார்ப்பதுபோல் எல்லாரும் பேச்சிக்கனியைப் பார்த்தார்கள்.

அவள் உளியை எடுத்து இன்ஜினியரிடம் நீட்டினாள். "எந்தச் சுவர சார் கொத்தணும்?"