டைகருக்குப் போட்ட மொட்டை

மிராசுதார் சபாபதி கண்ணை மூடினார். உயிலைப் பிரித்தால், வீடும் தோப்பும் அவர் வளர்த்த நாய் டைகருக்கு. அதைப் பார்த்துக்கொள்ள வேலைக்காரன் சொள்ளமுத்து! விடுவாரா தம்பி மகன் ரங்கதுரை? ஊரைக் கூட்டி, முறுக்கு மீசையைத் தடவிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

“நாய் வாரிசாம்ல! எங்க, சபையில நிரூபிலே பார்ப்போம். முடியலைன்னா நீயும் நாயும் இப்பவே தெருவுக்குப் போங்க!”

சொள்ளமுத்துவின் மடியில், தலையில் துண்டு போர்த்திய டைகர் நெளிந்துகொண்டே இருந்தது.

“சின்னய்யா, வாரிசு யாருன்னு ஊர்ல எதை வச்சுச் சொல்லுதோம்?”

“இதுகூடத் தெரியாதாலே? சுடுகாட்டுல மொட்டை போடுதவன்தான் வாரிசு!”

“பெரியய்யாவுக்கு நீங்க போடலையே?”

மீசையைத் தடவிய விரல் அப்படியே நின்றது.

“நாவிதர் கத்தியோட வந்தப்ப, ‘என் மீசையில கை வைக்காதே, வேணும்னா அந்த நாய்க்குப் போடு’ன்னீங்க. ஊரே கேட்டுச்சு. உங்க சொல்லைத் தட்டலாமா?”

துண்டை உருவினான். டைகரின் தலை வழவழவென்று மின்னியது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

“கூப்பிடுலே நாவிதரை! இப்பவே மீசையை எடுக்கேன்!” என்று கத்தினார் ரங்கதுரை.

“தாராளமா எடுங்க சின்னய்யா. ஆனா, இனி ஊர் உங்களை டைகரோட பங்காளின்னுல்லா சொல்லும்?”