ஃபிளாப்பும் பின் இருக்கையும்

முள்காட்டுக்கு நடுவே ஒரு நீண்ட ஓடுபாதை கிடந்தது. யுத்தத்துக்காகப் போட்டு, யுத்தம் முடிந்ததும் எல்லோரும் மறந்துவிட்டுப் போன பாதை. அதன் ஓரத்துத் தகரக் கொட்டகையில் ஒரு குட்டி விமானமும், அதைத் தன் கையாலேயே கட்டிய தேவசகாயமும் இருந்தார்கள். விமானத்தின் உறுப்புகளும் ஓடுபாதையும் பேசினால் தேவசகாயத்துக்குக் கேட்கும். வேறு பேச்சுத் துணை அவனுக்குக் கிடையாது.

விமானத்தில் இரண்டு இருக்கைகள். பின் இருக்கை அவன் தங்கை எமிலிக்கு. "வந்தா விமானத்துலதான் வருவேன். உன்ன ஏத்திக்கிட்டு ஊரையே ஒரு சுத்து சுத்துவேன்" என்று அவளிடம் வீம்பாகச் சொல்லிவிட்டு வந்தவன் அவன். அதற்கப்புறம் பஸ்ஸில் போய் அவள் வாசலில் நிற்க ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

எமிலி வீட்டுக்குப் பின்னால் ஒரு தரிசு நிலம் உண்டு. ஆனால் அதற்கு நீளம் ரொம்பக் குறைவு. விமானமோ வேகமாக இறங்கும், நிற்பதற்குள் நெடுந்தூரம் ஓடும். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் வீட்டுக்கு மேலே ஒரு வட்டம் அடிப்பான். அவள் முற்றத்துக்கு ஓடிவந்து கையை ஆட்டுவாள். இவன் இறக்கையை ஆட்டுவான். பிறகு கொட்டகைக்குத் திரும்பி, ஒற்றைத் தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்காருவான்.

ஒருநாள் அவன் இரண்டு ஃபிளாப்புகளைச் செய்து முடித்தான். இறக்கையின் பின்னோரத்தில் கீல் வைத்து மாட்டுகிற பலகைகள் அவை. இறங்கும்போது கீழே மடித்துவிட்டால் விமானம் நிதானமாக இறங்கும், சின்ன இடத்திலும் நிற்கும். மாட்டலாமா வேண்டாமா என்று ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான்.

இறக்கைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "எவ்வளவு வழவழப்பாக இருக்கிறேன். என்மேல் கீலும் பலகையுமா? வேகம்தான் எனக்கு அழகு."

"அழகாகத்தான் இருக்கிறாய். அதை யார் பார்க்கிறார்கள், இந்த முள்மரங்களா?" என்றன ஃபிளாப்புகள்.

"நான் பார்க்கிறேன்," என்றது ஓடுபாதை. "எவ்வளவு வேகமாக வந்தாலும் தாங்குகிறேன். என்னைவிட்டால் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? இங்கேயே இருங்கள்." கேட்கவே பாவமாக இருந்தது. அதற்கும் வேறு யாரும் இல்லை.

தேவசகாயம் அளந்து பார்த்தான். ஃபிளாப்பை இழுக்கும் கம்பிகளையும் நெம்புகோலையும் வைக்க ஒரே இடம்தான் இருந்தது. அது பின் இருக்கை இருக்கும் இடம். அதோடு, ஃபிளாப்பும் இன்னொரு ஆளும் சேர்ந்தால் அந்தச் சின்ன எஞ்சின் தாங்காது.

"அப்போ வேண்டாம்," என்று ஸ்பானரைக் கீழே வைத்தான். "அவள ஏத்த முடியாத விமானத்த வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

அதுவரை வாயே திறக்காத பின் இருக்கை பேசியது. "என்னைக் கழற்றிவிடு."

"ஒனக்கென்ன பைத்தியமா? அவளுக்காகத்தான ஒன்ன வச்சேன்."

"தெரியும். தூசி தட்டுகிறாய், உறை மாற்றுகிறாய், பெல்ட்டைக்கூட மாட்டி வைக்கிறாய். ஆனால் என்னை அவள் தலைக்கு மேலேயே சுமந்துகொண்டு திரிகிறாய். அவள் நடந்து வரக்கூடிய இடத்தில் நீ ஒருநாளும் நின்றதில்லை. நான் இருக்கிறவரைக்கும் நிற்கவும் மாட்டாய்."

தேவசகாயம் விமானத்தில் ஏறி, அந்த இருக்கையில் தானே உட்கார்ந்து பார்த்தான். கட்டிய நாளிலிருந்து அதில் அவன் உட்கார்ந்ததே இல்லை. முன் இருக்கையின் முதுகைத் தவிர அங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவு காலமாக அவளுக்குக் காட்டுவதற்கென்று அவன் வைத்திருந்தது தன் முதுகைத்தான். அவனுக்கு அழுகை வந்தது. வெகுநேரம் கழித்து இறங்கி ஸ்பானரை எடுத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எமிலி முற்றத்தில் நின்று கையை ஆட்டினாள். விமானம் வட்டம் அடிக்கவில்லை. ஃபிளாப்புகள் கீழே மடங்கின. இறக்கை முதல் தடவையாக நிதானத்துக்கு வந்தது, முணுமுணுக்கக்கூட இல்லை. சக்கரங்கள் தரிசு நிலத்தில் உருண்டு, வேலிக்கு இந்தப் பக்கமே நின்றன.

எமிலி மூச்சிரைக்க ஓடிவந்தாள். அவள் தலை நரைத்திருந்தது மேலேயிருந்து பார்த்தபோதெல்லாம் அவனுக்குத் தெரிந்ததே இல்லை. அவள் விமானத்துக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரே ஓர் இருக்கைதான் இருந்தது.

"நான் எங்கண்ணே உக்காருவேன்?"

"நீ ஏற வேண்டாம்மா," என்றான் தேவசகாயம். "நான் எறங்கத்தான் வந்தேன்."