தண்டல் கட்டிய முடிச்சு

"எம் மேல தப்பா, இல்லையா? ஒரு வார்த்தை போதும்மா. வாங்கிட்டுப் போயிடுதேன்."

கேட்டவர் தண்டல் கஸ்பார். தூத்துக்குடித் தோணிகளில் தலைவருக்குத் தண்டல் என்று பெயர். வட்டி வசூலிப்பவரையும் சில ஊர்களில் அப்படித்தான் அழைப்பார்கள். கஸ்பார் முப்பது வருடம் வசூலித்தது காற்றை மட்டும்.

கேட்கப்பட்டவர் மலையம்மா. பொதிகை அடிவாரத்தில் ஒரு பாறையின் நிழலில் இருந்துகொண்டு, தேடி வருகிறவர்களுக்கு நியாயம் சொல்பவர். கஸ்பாரைவிட இருபது வயது இளையவர். கடலைப் பார்த்ததே இல்லை. அதனால்தான் கஸ்பார் அவரைத் தேடி வந்தார். கடலைப் பார்த்தவர்களிடம் எல்லாம் கேட்டாகிவிட்டது.

அவர்கள் இரண்டு விதமாகச் சொன்னார்கள். தோணி மூழ்கியதை விசாரித்த அதிகாரி நாற்பத்தொரு பக்கம் எழுதி, புயலுக்குத் தண்டல் பொறுப்பல்ல என்று முடித்திருந்தார். துறைமுகத்து டீக்கடை, ஒரு பக்கம்கூட எழுதாமல், நேர்மாறாக முடித்திருந்தது.

இரண்டில் எதைப் பிலோமியிடம் சொல்வது என்று கஸ்பாருக்குத் தெரியவில்லை.

பிலோமி, அந்தத் தோணியில் சுக்கான் பிடித்த எஸ்தாக்கியின் மனைவி. அவன் இறந்த நாற்பதாம் நாள் பூசை முடிந்து கோயில் வாசலில் அவள்தான் அவரை நிறுத்திக் கேட்டாள், தப்பு உங்கள் மேலா இல்லையா என்று. தெரிந்ததும் வந்து சொல்லச் சொன்னாள். எட்டு மாதமாகிறது. அவள் தெரு வழியே போனால் கடற்கரை ஐந்து நிமிடம். கஸ்பார் அரை மணி நேரம் சுற்றிக்கொண்டு போகிறார்.

மலையம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லச் சொன்னார்.

மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிப் போன தோணி. ஏழு பேர். ஆபத்தென்றால் தப்பிப்பதற்கு மேல்தட்டில் ஒரு சின்னப் படகு இருக்கும். முந்தின பயணத்தில் ஓர் அலை அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. அதனால் புதுப் படகைக் கஸ்பார் தன் கையாலேயே தட்டோடு இறுக்கிக் கட்டினார். தேங்காய் நார்க் கயிறு, எட்டு முடிச்சு.

புயலில் தோணி சாய்ந்தது. நனைந்த கயிறு உப்பி, எட்டு முடிச்சும் கல்லாகிவிட்டன. கத்தி சமையல்கட்டில் இருந்தது. சமையல்கட்டு தண்ணீருக்குள் இருந்தது. தோணியோடு படகும் போயிற்று, ஆறு பேரும் போனார்கள். கஸ்பார் ஒரு பலகையைப் பிடித்துக் கிடந்தார். மறுநாள் அந்த வழியே வந்த கப்பல்காரர்கள் தூக்கினார்கள்.

மலையம்மா ஒரு தண்டைக் கிள்ளினார்.

"தப்பு உங்களுதுதான், தண்டலே."

கஸ்பார் நிமிர்ந்தார். "அதெப்படி? லேசாக் கட்டினா முதல் அலைக்கே போயிடும். எந்தத் தண்டலும் இறுக்கித்தான் கட்டுவான்."

"சரி. தப்பு இல்லை."

"எப்படி இல்லாமப் போகும்? படகு பக்கத்துல ஒரு கத்தியைச் சொருகி வைக்க எனக்குப் புத்தி இல்லையா?"

"ரெண்டு பக்கத்து வக்கீலும் நீங்களே. நடுவுல நான் எதுக்கு? கீரை ஆயத் தெரியுமா?"

தெரியாது என்றார். ஆனாலும் இருந்துவிட்டார்.

கீரையும் ஆய்ந்தார், தண்ணீரும் சுமந்தார். மலையம்மாவுக்குக் கடலைப் பற்றிக் கேட்க நிறைய இருந்தது. உப்பு எங்கிருந்து வருகிறது, தோணிக்குப் பின்பக்கம் எது, அலை தூங்குமா. கஸ்பார் பொறுமையாகப் பதில் சொல்வார். எந்தப் பதிலும் கடைசியில் ஒரே இடத்தில் போய் நிற்கும். ஒரு கத்தி மட்டும் இருந்திருந்தால்.

ஒன்பதாம் நாளும் அங்கேதான் போய் நின்றது.

"இருந்திருந்தா?" என்றார் மலையம்மா. "அதுக்கு மேல சொல்லுங்க."

அதுவரை யாரும் அவரை அதற்கு மேல் சொல்லச் சொன்னதில்லை.

கஸ்பார் சொன்னார். இரண்டு வெட்டில் கயிறு அறும். சமையல்காரர் ரொசாரி, கஞ்சிப் பானையோடு முதலில் குதிப்பார். பானையை விடச் சொல்லித் திட்ட வேண்டும், விட மாட்டார். எஸ்தாக்கி கடைசியில்தான் ஏறுவான், அதுவும் சட்டையைப் பிடித்து இழுத்தால்தான். விடியும்போது மழை விடும். வெங்காயம் போச்சே என்று முதலாளியைவிட அதிகமாக எஸ்தாக்கி புலம்புவான். மற்றவர்கள் சிரிப்பார்கள். மத்தியானம் ஒரு கப்பல் கண்ணில் படும். பிறகு தூத்துக்குடி. மாதா கோயில் கோபுரம் தெரிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிப்பார்கள், ஒருவர் சொல்வதும் விளங்காது.

சொல்லச் சொல்ல அவர் முகம் கரைக்கு வந்துவிட்ட மனிதரின் முகமாகியிருந்தது.

"இப்படி எத்தனை தடவை கரை சேர்த்திருக்கீங்க?"

"தினமும்மா. சில நாள் ரெண்டு தடவை."

"அந்த அதிகாரி எழுதினதுல எத்தனை பேர் கரைக்கு வந்தாங்க?"

"அதுல ஒருத்தனும் வரலை."

மலையம்மா ஆய்ந்த கீரையைக் கூடையில் போட்டார். பிறகு, பிலோமி கோயில் வாசலில் ஏன் அப்படிக் கேட்டாள் என்றார்.

"புருஷனைப் பறிகொடுத்தவ கேக்க மாட்டாளா?"

"அது உங்க பதில். அவகிட்ட கேட்டீங்களா?"

கஸ்பார் தலையசைத்தார், இல்லை என்று.

"அப்போ போங்க. அவ தன் புருஷனை எப்படிக் கரை சேர்க்கிறாள்னு கேளுங்க."

மறுநாள் பிற்பகல் கஸ்பார் சுற்றிக்கொண்டு போகாமல் அந்தத் தெருவுக்குள் நுழைந்தார்.

பிலோமி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. கஸ்பார் வெயிலில் நின்றபடியே கேட்டார், என்னிடம் ஏன் அப்படிக் கேட்டாய் என்று.

அவள் கையிலிருந்த துணியைத் திரும்பத் திரும்பப் பிழிந்தாள். அதில் தண்ணீர் இல்லை.

"தோணி கிளம்பின அன்னைக்கு அவருக்குக் காய்ச்சல், தண்டல். நான் போகலைன்னு இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்துட்டார். நாந்தான் போர்வையை உருவி எழுப்பிவிட்டேன்."

கஸ்பார் தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்தார்.

"இப்பல்லாம் விடியக்காலையில நெனப்புல அவரை எழுப்பாம விட்டுடுதேன். தினமும். நல்லாத் தூங்குதார்."

துணியைக் கொடியில் போட்டாள். திரும்பி அவரை நேராகப் பார்த்தாள்.

"சொல்லுங்க. யார் தப்பு?"

இந்தத் தடவை கஸ்பார் இரண்டு பக்கமும் வாதாடவில்லை.

"என் தப்புதாம்மா" என்றார். "கயிறு நான் கட்டினது."