சட்டைப் பையில் இருந்த ஸ்தோத்திரம்

புளியடிவிளைச் சபையில் ஒரு பழக்கம் உண்டு. நோய் தீர்ந்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள், வேலை கிடைத்தவர்கள் தங்கள் நன்றியை ஒரு சீட்டில் எழுதிக் கோயில் வாசலில் இருக்கும் பெட்டியில் போடுவார்கள். ஞாயிறு ஆராதனையில் உபதேசியார் அதை வாசிப்பார். சீட்டுக்கு உரியவர் எழுந்து நிற்பார். சபை முழுவதும் ஒரே குரலில் "ஸ்தோத்திரம்" சொல்லும். பிறகு அவர் வாசலில் நின்று எல்லாருக்கும் கற்கண்டு கொடுப்பார்.

உபதேசியார் சாமிதாசன் இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சீட்டுகளை வாசித்து வந்தார். ஒன்றைக்கூட விட்டதில்லை. இப்போது ஒரு சீட்டு மூன்று வாரமாக அவருடைய சட்டைப் பையில் கிடந்தது. சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் எடுத்து மாற்றி வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை பிற்பகல் அவர் இம்மானுவேல் ஐயர் வீட்டுக்குப் போனார். சபையின் குருவானவரான ஐயர் அவரைவிட ஒன்பது வயது இளையவர். ஆனாலும் வேதத்தில் ஒரு சந்தேகம் என்றால் சாமிதாசன் பள்ளிக்கூடத்துப் பையனைப் போல அவர் முன்னால்தான் போய் உட்காருவார்.

ஐயர் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க உபதேசியாரே. முகம் என்ன, புளிச்ச மோர் மாதிரி இருக்கு?"

"ஒரு கேள்வி, ஐயரே."

"கடலையைத் தின்னுக்கிட்டே கேளுங்க."

"எந்நேரமும் சந்தோஷமா இருக்கணும்னு பவுல் அப்போஸ்தலர் கடிதத்துல எழுதுதாரு. அதுவும் ஜெயிலுக்குள்ள இருந்துக்கிட்டு. பொண்டாட்டியை அடக்கம் பண்ணினவன் எப்படி எந்நேரமும் சந்தோஷமா இருப்பான்? அவருக்கென்ன, ஒத்தைக்கட்டை."

ஐயர் சிரித்துவிட்டார். "இதை நான் பிரசங்கத்துல சொல்ல முடியாதே."

சாமிதாசன் சிரிக்கவில்லை. பையிலிருந்த சீட்டை எடுத்துக் கடலைத் தோலுக்கு நடுவில் வைத்தார். 'மரியபுஷ்பம். நோய் நீங்கிச் சுகம் பெற்றதற்காக' என்று அதில் எழுதியிருந்தது.

"இதை நீங்க வாசிக்கவே இல்லையே?"

"ஆஸ்பத்திரியில என் ரத்தினத்துக்கு அடுத்த கட்டில் இவ. ரெண்டு பேருக்கும் ஒரே நோய். ஒரே நாள்ல ஆபரேஷன். நீங்க வந்து ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஜெபம்தான் பண்ணினீங்க. இவ நடந்து வீட்டுக்கு வந்தா. ரத்தினத்தை நாங்க தூக்கிட்டு வந்தோம்."

ஐயரின் கை நின்றது.

"வாராவாரம் மடியில கற்கண்டு டப்பாவோட மூணாவது பெஞ்சுல வந்து உட்காருதா. நான் மத்த சீட்டையெல்லாம் வாசிச்சிட்டு உட்கார்ந்திருதேன். இவ டப்பாவைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிருதா. ஒருத்தியோட ஸ்தோத்திரத்தைத் திருடி வச்சிருக்கேன், ஐயரே. நாளைக்கு நீங்களே வாசிச்சிருங்க."

"நான் வாசிச்சா அது வெறும் அறிவிப்பு." ஐயர் சீட்டை அவர் பக்கமாகத் தள்ளிவைத்தார்.

"மனசுல சந்தோஷம் இல்லாம நான் வாசிச்சா அது பொய் இல்லையா?"

ஐயர் கடலைத் தோலை ஒரு பக்கமாக ஒதுக்கினார். பிறகு கேட்டார்:

"வேதத்துல எலிசபெத்துக்கு வயசான காலத்துல பிள்ளை பிறந்ததே, யாரெல்லாம் வந்து சந்தோஷப்பட்டாங்க?"

"அக்கம்பக்கத்துக்காரங்களும் சொந்தக்காரங்களும்." வேதம் சாமிதாசனுக்குத் தலைகீழ்ப் பாடம்.

"அந்தத் தெருவுல பிள்ளையில்லாத இன்னொருத்தியும் இருந்திருப்பால்லா?"

"அப்படி ஒண்ணும் எழுதலையே."

"எழுதல. ரெண்டு பேரும் சேர்ந்தே தண்ணிக்குப் போனவங்க. சேர்ந்தே அழுதவங்க. இப்போ ஒரு வீட்டுல மட்டும் பச்சப்பிள்ளை சத்தம் கேக்குது. இவ என்ன செஞ்சிருப்பா?"

"கதவைச் சாத்தியிருப்பா."

"சாத்தியிருப்பா. அப்புறம்?"

"வேதத்துல இல்லாததை நான் எப்படிச் சொல்ல?"

"பிள்ளையைக் குளிப்பாட்ட வெந்நீர் வேணும். எலிசபெத்து வயசானவ, எந்திரிக்க முடியாது. யாரோ ஒருத்தி பானையைத் தூக்கிட்டுப் போயிருக்கணும்."

"சிரிச்ச முகமாவா போயிருப்பா?"

"பானை கனமா இருந்திருக்கும். முகத்தை யாரு பார்த்தா?"

சாமிதாசன் சீட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் ஆராதனையில் மற்ற சீட்டுகளை வாசித்து முடித்தார். உட்காரவில்லை. பைக்குள் கையை விட்டார். தாள் மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது.

"மரியபுஷ்பம்" என்றார். மூன்றாவது பெஞ்சைப் பார்க்காமல், "நோய் நீங்கிச் சுகம் பெற்றதற்காக" என்று வாசித்தார்.

அவள் உடனே எழவில்லை. பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்த பிறகுதான் டப்பாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எழுந்தாள். சபை "ஸ்தோத்திரம்" என்றது. எல்லாரும் சொல்லி முடித்த பிறகு சாமிதாசனும் சொன்னார்.

வாசலில் அவள் முதலில் அவரிடம்தான் வந்தாள்.

"அண்ணாச்சி, எறும்பு ஏறிரக் கூடாதேன்னு தினமும் டப்பாவைத் திறந்து திறந்து பார்த்தேன்."

அவள் டப்பாவின் மூடியைத் திறந்தாள்.

"ரத்தினக்கா போயிட்டாங்க. நான் மட்டும் பிழைச்சு வந்துட்டேன். உங்க முகத்தைப் பார்க்கவே பயமா இருந்துச்சு. நீங்க வாசிக்கலைன்னதும், ஆண்டவரே என் ஸ்தோத்திரத்தை வாங்கிக்கலைன்னு நினைச்சிட்டேன்."

"அவர் அன்னைக்கே வாங்கிட்டாரு, தாயி. நான்தான் கொடுக்காம வச்சிருந்தேன்."

அவர் இரண்டு கைகளையும் நீட்டினார். அவள் அழுதுகொண்டே அள்ளிப் போட்டாள். பிறகு பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டு டப்பாவைப் பிடித்து இழுத்தார்கள். "ஏலே, எனக்கும் ஒண்ணு மிச்சம் வைங்கலே!" என்று அவள் சத்தமாகச் சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்து ஒருவரும் பார்த்ததில்லை.

சாமிதாசன் உள்ளே போனார். ஐயர் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"வாசிச்சிட்டேன், ஐயரே."

"கேட்டேன்."

"அவ சந்தோஷமா இருக்கா. வெளிய எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. எனக்கு மட்டும் இன்னும் வரலை. பவுல் எழுதினதை நான் எங்க செஞ்சேன்?"

ஐயர் அங்கியை ஆணியில் மாட்டினார்.

"அந்தக் கடிதத்தை அவர் ஒத்த ஆளுக்கா எழுதினாரு, உபதேசியாரே? ஒரு சபைக்குல்லா எழுதினாரு."