பின்சீட்டு அஞ்சம்மாவும் டம் டம் சத்தமும்

ஒரு ஊர்ல ஒரு பஸ் டிரைவர் இருந்தாரு. ஊரு மன்னார்குடி, அவரு பேரு பக்கிரிசாமி. அவரு பொண்டாட்டி பேரு அஞ்சம்மா. கேக்குறியா? ம் சொல்லணும். சொல்லலைன்னா கதை நடுரோட்டுல நின்னுடும், சொல்லிட்டேன்.

ம்.

பக்கிரிசாமி ஆயுசு பூரா ஒரே ரோட்டுல பஸ் ஓட்டுனவரு. போறது, வர்றது. போறது, வர்றது. பின்னாடி யாரு ஏறுனா, யாரு இறங்குனா, ஒண்ணும் தெரியாது. அதெல்லாம் கண்டக்டர் பாத்துக்குவாரு. எல்லாரும் ஏறுனதும் கண்டக்டர் தகரத்துல 'டம் டம்'னு ரெண்டு தடவ தட்டுவாரு. உடனே இவரு காலு தானா அமுக்கும், பஸ்ஸு 'டுர்ர்ர்'னு கெளம்பிடும். தட்டுனது யாருன்னு திரும்பிப் பாக்குற பழக்கமே கெடையாது. கழுத்து திரும்புங்கறதே மனுசனுக்கு மறந்து போச்சு.

அப்புறம் வயசாயி, வேலை முடிஞ்சு வீட்டோட வந்துட்டாரு. வந்தவரு சும்மா இருக்க முடியாம பழைய நீலக் காரு ஒண்ணு வாங்குனாரு. அப்போ அஞ்சம்மா சொன்னா, "ஏங்க, ஊரு ஊரா நின்னு, மெள்ளப் போயி, கோடியக்கரைக் காட்டுல குதிரை பாக்கணுங்க. யாரும் வளக்காம தானாத் திரியுதாம்ல?"

"போலாமே" அப்படின்னாரு.

அஞ்சம்மாவுக்கு ஒரே குஷி. புளிச்சோறு கிண்டித் தூக்குச்சட்டியில எடுத்துக்கிட்டு, புதுச் சேலை கட்டிக்கிட்டு, முன்சீட்டுக் கதவத் தொறந்தா.

"அங்க வேணாம். பக்கத்துல உக்காந்தா பேச்சு வரும். பேச்சு வந்தா கண்ணு ரோட்ட விட்டுப் போயிடும். பின்னாடி ஏறு."

அதனால தூக்குச்சட்டி முன்சீட்டுல உக்காந்துச்சு. அஞ்சம்மா பின்சீட்டுல உக்காந்தா. உக்காந்து கதவுல 'டம் டம்'னு தட்டுனா. காரு 'டுர்ர்ர்'.

மெள்ளத்தான் போனாங்க. வயல் போச்சு, வாய்க்கா போச்சு, முத்துப்பேட்டை வந்துச்சு. டீக்கடை வாசல்ல காரு நின்னுச்சு. அவரு ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டே ஒரே மடக்குல டீயக் குடிச்சிட்டு கிளாசக் குடுத்துட்டாரு. அஞ்சம்மா கீழ இறங்கி நின்னு, ஊதி ஊதிக் குடிச்சா. அப்போ டீ மாஸ்டர் வடிகட்டியில இருந்த சக்கையக் கொட்ட, டப்பா விளிம்புல தட்டுனாரு. டம் டம்!

டுர்ர்ர். காரு போயிடுச்சு.

அஞ்சம்மா கிளாசும் கையுமா நிக்கிறா. கடையே சிரிக்குது. பாலம் தாண்டிப் போனவரு, "வெத்தல எடு"ன்னு கையப் பின்னாடி நீட்டுனாரு. கையில வெத்தல விழல. அப்புறம்தான் திரும்பி வந்தாரு.

"டீ நல்லா இருந்துச்சா?"

"ஆறிப் போச்சு."

அவ்வளவுதான் பேச்சு. அஞ்சம்மாவும் சிரிச்சுக்கிட்டே ஏறிட்டா. டம் டம். டுர்ர்ர்.

தூங்கிட்டியா? ம் எங்க?

ம்.

அப்புறம் வேதாரண்யம் வந்துச்சு. அங்கதான் அஞ்சம்மாவோட அக்கா வீடு. வர்றப்போ பாத்துக்கலாம்னு தாண்டிப் போனாங்க. ஊரு முடிஞ்சதும் உப்பளம். ரெண்டு பக்கமும் உப்பக் குமிச்சுக் குமிச்சு வச்சிருக்கு, வெயில்ல கண்ணு கூசுது. "ஏங்க, ஒரு நிமிசம்"னு இறங்கி, ஒரு உப்புக்கல்லு எடுத்து நாக்குல வச்சுப் பாத்தா. அப்போ எங்கேருந்தோ ஒரு ஆடு வந்துச்சு. அதுக்குக் கொம்புல என்ன அரிப்போ, காரு பின்னாடி முட்டுச்சு. டம் டம்!

டுர்ர்ர்.

கத்துறா, கைய ஆட்டுறா. புழுதிதான் தெரியுது. நிழல் கெடையாது, ஆளு கெடையாது, ஆடு மட்டும் அவளப் பாத்து 'ம்மே'ங்குது. இந்தத் தடவ சிரிப்பு வரல. அழுகதான் வந்துச்சு. ரொம்ப நேரங் கழிச்சு, தண்ணிக்குக் கைய நீட்டிப் பாத்துட்டு, அவரு திரும்பி வந்தாரு.

அஞ்சம்மா முந்தானையால மூஞ்சியத் தொடச்சா. "முன்சீட்டுல வச்ச தூக்குச்சட்டிய இப்படி விட்டுட்டுப் போவீங்களா? இன்னொரு தடவ விட்டுட்டுப் போனீங்கன்னா நான் கத்த மாட்டேன், கூப்பிட மாட்டேன். பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். அங்கயே இருந்துக்குவேன்."

"ம்" அப்படின்னாரு. இப்ப நீ சொல்றியே, அந்த மாதிரி ஒரு ம். காதுல விழுந்துச்சா இல்லையான்னு கடவுளுக்குத்தான் தெரியும்.

அப்புறம் கோடியக்கரைக் காடு. காடுன்னா உசந்த மரமெல்லாம் இல்ல. முள்ளுப் புதரு, சேறு, வெள்ளைத் தரை, அந்தப் பக்கம் கடலு 'ஓ... ஓ...'ங்குது. காரு நின்னுச்சு. அங்க பாத்தா, நெசமாவே குதிரைங்க! கட்டக் கட்டையா, பிடரி எல்லாம் சிக்கு விழுந்து, குட்டியும் தாயுமாப் புல்லு மேயுது. அஞ்சம்மா இறங்கி, ஒரு மேட்டுல போயி நின்னா. வாயத் தொறந்தது தொறந்தபடி நிக்கிறா.

அப்போ ஒரு செவலைக் குதிரை சுத்திக்கிட்டு வந்து, முதுகு அரிப்புக்குக் காருல ஒரசுச்சு. டம் டம்!

டுர்ர்ர்.

அஞ்சம்மாவுக்குக் கேட்டுச்சு. ஆனாத் திரும்பல. போறதுன்னா போகட்டும்னு பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னா.

'கிறீச்!' அப்படின்னு ஒரு சத்தம். அப்புறம் சத்தமே இல்ல. அவரும் கூப்பிடல, ஆரனும் அடிக்கல. கடலு மட்டும் ஓ... ஓ...

கொஞ்ச நேரம் பாத்தா. பொறுக்கல, திரும்பிட்டா. காரு அங்கதான் நிக்குது. டிரைவர் சீட்டுல ஆளக் காணும்!

நம்மளத் தேடிக்கிட்டுச் சேத்துல கீத்துல எறங்கிட்டாரா? குதிரை ஒதச்சிருச்சா? கூப்பிடவே மாட்டேன்னு சொன்னவ, "ஏங்க!"ன்னு கத்துனா. பதில் இல்ல. "ஏங்க!" பதில் இல்ல. சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு ஓடி வந்தா. "ஏங்க!"

பின்சீட்டுக் கண்ணாடி 'கிர்ர்ர்'னு இறங்குச்சு. உள்ள பக்கிரிசாமி, அவ எடத்துல, கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு.

"இங்கதான் இருக்கேன்."

"அங்க என்ன பண்றீங்க?"

"குதிரை தட்டுனதும் காலு அமுக்கிடுச்சு அஞ்சம்மா. நல்லவேளை, திரும்பிப் பாத்து பிரேக்கப் போட்டேன். முன்னாடி உக்காந்தாத்தானே காலு அமுக்கும்? அதான் நீ வர்ற வரைக்கும் பின்னாடி வந்து உக்காந்துட்டேன்."

அவளுக்குச் சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல. அவரு, டிரைவர் சீட்டையே பாத்துக்கிட்டு இருந்துட்டு, "ஏன் அஞ்சம்மா, இங்க உக்காந்தா என் சீட்டோட முதுகுதானே தெரியுது. இதையா வழிநெடுகப் பாத்துக்கிட்டு வந்தே?"ன்னாரு.

அஞ்சம்மா உள்ள ஏறி, அவரு பக்கத்துல உக்காந்தா. புளிச்சோத்தப் பிரிச்சு ரெண்டு பேரும் தின்னாங்க. செவலைக் குதிரை மறுபடியும் வந்து ஒரசுச்சு, டம் டம். காரு கெளம்பல. இன்னொரு டம் டம். கெளம்பவே இல்ல.

பொழுது சாயக் கெளம்பி, மெள்ள மெள்ள ஊரு திரும்புனாங்க. வர்றப்போ தூக்குச்சட்டிதான் பின்சீட்டுல வந்துச்சு.

கதை ஊரு வந்து சேந்துருச்சு, எல்லாரும் எறங்கியாச்சு. என்ன, ம் காணும்? சரி சரி. நான் தட்ட மாட்டேன், நீ தூங்கு.